மஞ்சள் சீட்டு

சட்டை ஆணுடையதா பெண்ணுடையதா என்று மல்சுன் அக்கா கண்ணால் பார்க்க மாட்டாள். விரலால்தான் பார்ப்பாள். கவுண்டரில் துணிக் குவியல் வந்து விழும்போது அவள் முகம் வந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதற்குள் குவியலில் நுழைந்து முன்பட்டியைத் தடவிவிடும். பொத்தான் வலப்பக்கம் இருந்தால் ஆண் சட்டை, வெள்ளைச் சீட்டு; இடப்பக்கம் இருந்தால் பெண் சட்டை, மஞ்சள். வெள்ளைக்கு ஒன்றேகால் டாலர், மஞ்சளுக்கு மூன்றரை.

கார்டீனாவில் ரோஸ்க்ரான்ஸ் சாலையில், டோனட் கடைக்கும் காசு போட்டுத் துவைக்கும் கடைக்கும் நடுவே எங்கள் சலவைக் கடை. எங்கள் கடை என்று வாயில் வந்துவிடுகிறது. கடை மல்சுன் அக்காவுடையது, அவள் புருஷன் சாங்கில் மாமாவுடையது. நான் யோங்நான், முன்ஜன்னல் ஓரத்தில் ஒரு தையல் மிஷினைப் போட்டு பேண்ட் மடிப்பதும் ஜிப் மாற்றுவதுமாகப் பதினான்கு வருஷமாக அங்கே உட்கார்ந்திருப்பவள். இரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. ஒரே சர்ச், கொரியாவில் பக்கத்துப் பக்கத்து ஊர், அவ்வளவுதான். அந்த அக்கா, மாமா என்று கூப்பிட்டதிலேயே நானும் எதையும் கேட்காமல் இருந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றரை டாலர் முதலில் பொய்யாக வந்த விலை இல்லை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பாவம்.

கடையின் பின்கட்டில் சட்டை பிரஸ் மிஷின் இருந்தது. ஒரு பருத்த ஆளின் மார்பும் தோளும் போல இரும்பில் ஒரு அச்சு. ஈரச் சட்டையை அதற்கு மாட்டிவிட்டுப் பெடலை அழுத்தினால் ஆவி சீறும், நாற்பது நொடியில் சட்டை மொறமொறவென்று வந்துவிடும். ஆனால் அந்த அச்சைச் செய்தவன் எவனோ, பெண்பிள்ளைக்கும் தோள் இருக்கும் என்று யோசிக்காதவன். பெண்கள் சட்டையை மாட்டினால் அக்குள் தையல் பட்டென்று தெறிக்கும். அதனால் அவற்றையெல்லாம் அக்கா பலகையில் போட்டு, கூரையிலிருந்து குழாய் தொங்கும் ஆவி இஸ்திரிப்பெட்டியால், ஒவ்வொன்றாகத் தேய்ப்பாள். ஒரு சட்டைக்குப் பன்னிரண்டு நிமிஷம். சின்ன காலர், சின்னக் கை, மார்பில் மடிப்புத் தையல். துணியை இழுத்துப் பிடிக்கும் இடக்கை விரல்கள் மேலேதான் ஆவி முழுக்க வந்து அடிக்கும். பதினொரு வருஷம் அந்தக் கை ஆறி நான் பார்த்ததில்லை. ஒரு கொப்புளம் வற்றுவதற்குள் அடுத்தது கிளம்பும். சர்ச்சில் எல்லோரும் கை தட்டிப் பாடும்போது அக்கா மட்டும் தொடையில் தட்டிக்கொள்வாள்.

அந்தக் கையை முதலில் பிடித்துப் பார்த்தது அர்டெல்லாதான்.

அர்டெல்லா பஸ் ஓட்டுபவர். எங்கள் சாலை வழியாகப் போகும் பஸ்ஸை ஓட்டும் கறுப்பினப் பெண்மணி. ஐம்பத்து நான்கு வயது, கதவில் குனிந்து நுழையும் உயரம், ஊர்ச் சண்டையெல்லாம் தன் சண்டை என்று நினைக்கும் குணம். வாரத்துக்கு ஐந்து வானநீல யூனிஃபார்ம் சட்டை கொண்டுவருவார். சட்டைக் கையில் இஸ்திரி மடிப்பு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாக விழுந்துவிட்டால் தீர்ந்தது கதை.

"மேகி! இங்க பாரு, இந்தக் கையில தண்டவாளம் போட்டு வெச்சிருக்க. நான் ஓட்டுறது பஸ்ஸு, ரயிலு இல்ல!"

மல்சுன் என்ற பேர் அங்கே யார் வாயிலும் நுழையாததால் அக்கா கவுண்டரில் மேகி.

"மன்னிச்சிக்கோங்க மிஸ் அர்டெல்லா. திரும்பவும் தேய்க்கிறேன்" என்று அக்கா கை நீட்டினாள். அர்டெல்லா சட்டையை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ, என்னடி இது? யாராவது சிகரெட்டால சுட்டாங்களா?"

"இல்ல இல்ல. ஆவி. பொம்பளைங்க சட்டை, கையால."

"இதுக்கா மூணரை டாலர் வாங்குற? அஞ்சு வாங்கு கண்ணு. நான் குடுக்குறேன்."

மறுநாள் வண்டியை நிறுத்தத்திலேயே நிறுத்தி, ஆட்களை உள்ளே உட்கார வைத்துவிட்டு ஓடி வந்தார். தன் வீட்டுக் கொல்லையில் வளர்த்த கற்றாழை மடல் ஒன்று, முழங்கை நீளம். அதைக் கவுண்டரிலேயே கீறி, வழவழவென்ற சதையை அக்காவின் விரலில் அப்பி, "தினம் போடணும். சும்மா தலையாட்டுனா விடமாட்டேன்" என்றார். அதிலிருந்து மாதம் ஒரு மடல் வந்துவிடும். பஸ் எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் இரண்டு ஹாரன். அக்கா தேய்த்துக்கொண்டே தலையைத் தூக்கிச் சிரிப்பாள்.

தொண்ணூற்றைந்தில், மூடிய கடை ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது மாமா சின்ன அச்சு உள்ள ஒரு பிரஸ் மிஷினை வாங்கி வந்தார். பெண்கள் சட்டைக்கென்றே செய்தது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றோம். மாமா ஒரு ப்ளவுஸை மாட்டினார். பெடல், ஆவி, நாற்பது நொடி. அக்கா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள், காலரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். பிறகு பாய்லர் ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். சந்தோஷத்தில்தான்.

விலையை இறக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மாதம் கழித்து அக்காவுக்குத் தோன்றியது.

"என்னங்க, இப்ப ரெண்டும் ஒரே வேலைதானே. மஞ்சச் சீட்டு இன்னும் வேணுமா?"

"பதினோரு வருஷம் கை வெந்தியே, அதுக்கு எவ குடுத்தா?" என்றார் மாமா. "பன்னெண்டு நிமிஷ வேலைக்கு மூணரைங்கிறது அப்பவே பத்தாது. இப்ப வர்றது அந்தப் பாக்கி. நீ பாட்டுக்கு வாங்கு."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நானும் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே தலையாட்டினேன்.

அடுத்த வருஷம் சட்டம் வந்தது. பெண் என்பதற்காக ஒரே வேலைக்குக் கூடுதல் விலை வாங்கக் கூடாது, சலவைக்காரர், முடிவெட்டுபவர், தையல்காரர் எல்லோரும் கடையில் எழுதி மாட்ட வேண்டும். மாமா மாட்டினார், சர்ச் காலண்டருக்குப் பின்னால். வேலை நிஜமாகவே கடினமாக இருந்தால், நேரம் கூடப் பிடித்தால், கூடுதல் வாங்கலாம் என்று சட்டத்திலேயே இருந்தது. சலவைக்கடை வைத்திருந்த எங்கள் கொரிய ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தெருவுக்குத் தெரு பேச்சு பரவியது. ஆம்பளை, பொம்பளை என்று எழுதாதே. மிஷின் தேய்ப்பு, கைத்தேய்ப்பு என்று எழுது.

பலகையை எழுதியது நான். மூன்று பேரில் இங்கிலீஷ் கையெழுத்து எனக்குத்தான் நன்றாக இருக்கும். சிவப்பு மையில், எழுத்துக்கு நிழல் எல்லாம் கொடுத்து, கைத்தேய்ப்பு மூன்றரை டாலர் என்று எழுதினேன். எழுதும்போது பின்கட்டில் சின்ன மிஷின் உஸ் உஸ் என்று சீறுவது காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. நான் மட்டும் யோக்கியமா? ஆண்கள் பேண்ட் இடுப்பைப் பிரித்தால் ஆறு, பெண்கள் பேண்ட்டுக்கு எட்டு என்று நானும்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். ஏன் எட்டு என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

அக்காவின் கை ஆறியது. கொப்புளம் வற்றி, தோல் உரிந்து, ஒரு வருஷத்தில் மழமழவென்று ஆகிவிட்டது. ஒருநாள் மீதிச் சில்லறை வாங்கும்போது அர்டெல்லா அதைக் கவனித்தார்.

"ஆ! பாத்தியா! பாத்தியாடி! யோங், இங்க வந்து பாரு! நான் சொன்னேனா இல்லையா? என் கற்றாழைதான்!"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அக்கா மெல்லத் தலையை ஆட்டினாள்.

"ஆமா, மிஸ் அர்டெல்லா. கற்றாழை."

அதற்குப் பிறகு அந்தப் பெண்மணி டிப்போ முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தார். இரண்டு டிரைவர்கள் கற்றாழை கேட்டு அவர் வீட்டுக்கே போனார்களாம். மாதம் ஒரு மடல் வருவது நிற்கவில்லை. அக்கா அதை வாங்கி, நன்றி சொல்லி, ஃப்ரிட்ஜில் கிம்ச்சி ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைப்பாள். வாடிப் போனதும் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுவாள். அந்த வேலையை மட்டும் மாமாவிடம் கொடுக்க மாட்டாள், என்னிடமும் கொடுக்க மாட்டாள்.

மரிசா என்ற பெண் வந்தது தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு வெள்ளைச் சட்டை கொண்டுவந்தாள். ஒன்று அவளுடையது, ஒன்று ஒல்லியான தம்பியுடையது. ஒரே கடையில் வாங்கிய ஒரே துணி, ஒரே அளவு. அக்காவின் விரல் தடவியது, ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்கு மஞ்சள். அந்தப் பெண் இரண்டு சீட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள்.

"இது ஏன் கூட?"

"உங்களது கையால" என்றாள் அக்கா.

"அவனோடது ஏன் கையால இல்ல?"

அக்கா சிரித்தாள். அந்தப் பெண் காலண்டரை ஒரு விரலால் தள்ளி, பின்னால் மாட்டியிருந்ததை முழுக்கப் படித்துவிட்டுப் போனாள்.

முதலில் ஆயிரம் டாலர் நஷ்டஈடு கேட்டு அவள் கடிதம் வந்தது. மாமா அதை மிஷின் இடுக்கில் செருகி வைத்தார். பிறகு சம்மன் வந்தது. அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணி. சிறு வழக்குகளைக் கேட்கும் கோர்ட், அங்கே வக்கீல் கிடையாது. அவரவர் வழக்கை அவரவரே சொல்ல வேண்டும். அக்கா சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டும்.

அந்த வாரம் பாலைவனத்திலிருந்து அனல்காற்று அடித்தது. சட்டைகளுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறையெல்லாம் கையில் ஒட்டிக்கொண்டு படபடத்தது. மதியச் சாப்பாட்டுக்கு என் தையல் மேஜையில்தான் உட்காருவோம். பார்லித் தண்ணீர் ஊற்றிய சோறு, நெத்திலி வறுவல், கிம்ச்சி. திங்கட்கிழமை அக்கா சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"சாப்பிடு" என்றார் மாமா. "வியாழக்கிழமை வாய் தெறந்து பேசணும். வயித்துல ஒண்ணும் இல்லாமப் போய் நின்னா நடுங்கும்."

"என்ன பேசணும்?"

"கையாலதான் தேய்க்கிறோம்னு சொல்லணும். ஒரே வாக்கியம். அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

"சத்தியம் பண்ணச் சொல்லுவாங்களே."

"பண்ணு. பதினோரு வருஷம் தேச்சியா இல்லையா? அதை நெனச்சுக்கிட்டுச் சொல்லு."

"அவங்க இந்த ஆகஸ்ட்டுச் சட்டையைக் கேக்குறாங்க."

மாமா சாப்பாட்டுக் குச்சிகளை மேஜையில் வைத்தார். "இந்தா பாரு. அந்தப் பொண்ணுக்கு மட்டும்னா ஆயிரம் டாலரைத் தூக்கிக் குடுத்துட்டு உக்காந்துருவேன். ஊர்ல எத்தனை மஞ்சச் சீட்டு இருக்கு? ஆளுக்கு ஆயிரம்னு கிளம்புனா என்ன இருக்கு நம்மகிட்ட? டிசம்பர்ல கடை வாடகை ஒப்பந்தம் முடியுது. கோர்ட்ல தோத்தவன்னு தெரிஞ்சா அந்த ஆளு புதுப்பிப்பானா? கடையே போயிடும்டி."

"யோங்நான், நீ என்ன சொல்ற?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நெத்திலி கொஞ்சம் உப்பு கூட" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை மாமாவே போய் அர்டெல்லாவிடம் பேசினார். பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அக்காவின் கையைப் பற்றிக் கோர்ட்டில் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் தாமதம். அர்டெல்லா கடைக்குள் புயல் மாதிரி வந்தார்.

"எவ அவ? எந்தச் சிறுக்கி உம்மேல கேஸ் போட்டது? பொம்பளைக்குக் கூட வாங்கக் கூடாதுன்னு சட்டம் வந்தப்ப கை தட்டுனவ நான். கண்ட கண்ட கடைக்காரனும் சோப்புக்கும் சவரக் கத்திக்கும் ரோஸ் கலரைப் பூசிட்டு நம்மகிட்ட கூடப் புடுங்குறான், அவன் மேல போடட்டும்! கை வெந்து உழைக்கிறவ மேலயா போடுறது? நான் வரேன். வியாழக்கிழமை ஷிப்ட்ட மாத்திக்கிட்டேன். ஜட்ஜுகிட்ட சொல்றேன், இவ கையை நான் என் கண்ணால பாத்தேன், என் கையால மருந்து போட்டேன்னு."

"மிஸ் அர்டெல்லா, வேணாம், உங்களுக்குச் சிரமம்..."

"சிரமமா! எனக்குச் சண்டைன்னா லீவு நாள் மாதிரிடி!"

மாமா பின்கட்டு வாசலில் நின்று குனிந்து குனிந்து நன்றி சொன்னார். அக்கா பில் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள். அர்டெல்லா போனதும் மாமா என்னைப் பார்த்துச் சொன்னார், "பாத்தியா, நல்ல மனுஷி. கடவுள் அனுப்புன மாதிரி." அக்கா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு மாமா பாய்லர் வால்வு வாங்கப் போயிருந்தார். அர்டெல்லா ஓய்வு நேரத்தில் வந்தார், கையில் ஒரே ஒரு சட்டை. யூனிஃபார்ம் இல்லை, கருநீல ப்ளவுஸ், முத்துப் பொத்தான்.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு இதைத்தான் போடப்போறேன் மேகி. என் பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது. சாயந்தரம் வாங்கிக்கிறேன். பாத்துத் தேய்டி, நீயே தேய். தண்டவாளம் கிண்டவாளம் போட்டுடாத!"

அக்காவின் விரல் பொத்தானைத் தடவியது. கை மஞ்சள் சீட்டுக் கட்டை எடுத்தது. பேனா மூடியைத் திறந்தாள். எழுதவில்லை. நான் மிஷின் பெடலிலிருந்து காலை எடுத்தேன்.

அக்கா பேனாவை வைத்துவிட்டுக் கவுண்டர் பலகையைத் தூக்கினாள். பதினான்கு வருஷத்தில் வாடிக்கையாளர் ஒருவருக்காக அந்தப் பலகை தூக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

"உள்ள வாங்க, மிஸ் அர்டெல்லா."

"எதுக்குடி? பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்கூட ஆகாது."

அதுதான் உண்மை. நாற்பது நொடிதான் ஆயிற்று. அக்கா ப்ளவுஸில் தண்ணீர் தெளித்தாள், சின்ன அச்சில் மாட்டினாள், தோளை நீவினாள், பெடலை மிதித்தாள். ஆவி சீறியது. நான் கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றேன். ஆவி அடங்கியதும் அக்கா ப்ளவுஸை எடுத்து ஹேங்கரில் போட்டாள். ஒரு சுருக்கம் இல்லை. கையில் ஒரே மடிப்பு.

அர்டெல்லா ப்ளவுஸையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதா?"

"இது."

"என் சட்டையெல்லாம்?"

"எல்லாம்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம்."

கூரையிலிருந்து தொங்கிய பழைய இஸ்திரிப்பெட்டி மேல் தூசி படிந்திருந்தது. அர்டெல்லா அதை ஒரு விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார். அந்த உயரமான பெண்மணி குனிந்து, ஒன்றும் புரியாத குழந்தை மாதிரி அக்காவைக் கேட்டார்:

"அப்ப என் கற்றாழை?"

அக்கா என் பக்கம் திரும்பினாள், நான் சொல்லிவிடுவேனா என்று பார்த்தாள் போல. நான் தரையைப் பார்த்தேன்.

"கற்றாழை இல்ல, மிஸ் அர்டெல்லா. மிஷின்."

வெளியே அனல்காற்றில் டோனட் கடையின் தகர போர்டு அடித்துக்கொண்டிருந்தது. அர்டெல்லா கத்துவார் என்று நினைத்தேன். ஒரு சுருக்கத்துக்குக் கத்துகிறவர் இதற்குக் கடையையே உடைக்க மாட்டாரா? கத்தவில்லை. ஹேங்கரிலிருந்து ப்ளவுஸை உருவினார். தண்ணீர் வாளியில் முக்கினார், இரண்டு கையாலும் கசக்கிப் பிழிந்தார், பலகைமேல் போட்டார்.

"தேய்."

"மிஸ் அர்டெல்லா..."

"கையால தேய். நான் பாக்கணும்."

அக்கா பழைய இஸ்திரிப்பெட்டியின் தூசியைத் துடைத்தாள், வால்வைத் திறந்தாள். சூடேறுவதற்கே ஐந்து நிமிஷம் ஆயிற்று. முதலில் காலர், உள்பக்கம், வெளிப்பக்கம். பிறகு கைமுனை. பிறகு கை. மூன்று வருஷத்தில் அந்தக் கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மார்பு மடிப்பில் துணியை இழுத்துப் பிடிக்கும்போது ஆவி இடக்கை விரல்கள் மேல் நேராக அடித்தது. அக்கா ஸ் என்றாள், கையை எடுக்கவில்லை. அர்டெல்லாவின் கை தன்னையறியாமல் முன்னால் நீண்டது. நீண்ட கையை அவரே இழுத்து, அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டார். அப்படியே கடைசி வரை நின்றார். சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், பதினேழு நிமிஷம்.

அக்கா ப்ளவுஸை உறை போட்டு நீட்டினாள். அர்டெல்லா பையைத் திறந்து மூன்று டாலர் நோட்டும் இரண்டு கால் டாலர் காசும் எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

"வேணாம், வேணாம் மிஸ் அர்டெல்லா, தயவுசெஞ்சு..."

"எடு. இது நீ சம்பாதிச்சது." ப்ளவுஸை வாங்கிக்கொண்டார். "கூடக் குடுத்ததுக்காக நான் வருத்தப்படலடி மேகி. அந்தக் கைக்குன்னா அஞ்சுகூடக் குடுத்திருப்பேன். நீ தலையாட்டுன பாரு. ஊரெல்லாம் போய் நான் சொன்னேனே, நீ தலையாட்டிட்டு நின்னியே."

பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் தெரிஞ்சுக்கிட்டுத்தானே அந்த ஜன்னல்ல உக்காந்திருந்த?" என்றார்.

சாயங்காலம் கடை சாத்தும் நேரத்தில் அக்கா மாமாவிடம் சொன்னாள். மாமா முதலில் நம்பவில்லை.

"நீயேவா காட்டுன? நீயேவா கூப்பிட்டு உள்ள வெச்சுக் காட்டுன? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? நாளைக்கு அந்த அம்மா எதிர்ப்பக்கம் போய் உக்காந்தா?"

"உக்காரட்டும்."

"மூணரை போட்டது பொய்யில்லடி! நீ வெந்தது பொய்யா?"

"வெந்தது பொய்யில்லங்க. வெந்ததைக் காட்டி, வேகாததுக்கு வாங்குனோம். அந்தம்மா என் கையைப் புடிச்சு மருந்து போட்டவங்க. என் கையை வெச்சே அவங்கள ஏமாத்திட்டேன். நாளைக்கு அதே கையத் தூக்கி சத்தியம் பண்ண என்னால ஆகாது."

மாமா சோப்புப் பீப்பாய் மேல் உட்கார்ந்தார். அக்காவின் விரலில் கொப்புளம் முட்டைக்கண் மாதிரி எழும்பியிருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து போட்டியா?" என்று கேட்டார். அக்கா இல்லையென்று தலையாட்டினாள். மறுநாள் காலையில் நான் போனபோது, நான் எழுதிய பலகை சுவரில் இல்லை. ஸ்குரூவைக் கழற்றிய நாலு ஓட்டையும் மாமாவின் விரல் அழுக்கும்தான் இருந்தன.

கோர்ட்டில் பேசியது பத்து நிமிஷம்கூட இருக்காது. மரிசா இரண்டு சட்டையையும் இரண்டு சீட்டையும் மேஜைமேல் வைத்தாள். நீதிபதி கண்ணாடி போட்ட வயதான மனிதர். அக்காவைப் பார்த்து, இந்தச் சட்டை கையால் தேய்க்கப்பட்டதா என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவளே இங்கிலீஷில் சொன்னாள், "இல்ல ஐயா. மிஷின். ரெண்டும் மிஷின். பொம்பளைன்னு கூட வாங்கினேன்." மரிசாவே திகைத்துப் போனாள். சண்டை போடத் தயாராக வந்த பெண், கையில் வைத்திருந்த தாள்களை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்தாள். ஆயிரம் டாலரும் செலவும் தரச் சொல்லித் தீர்ப்பாயிற்று. அக்கா அவளைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். நான் மட்டும் திரும்பித் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அர்டெல்லா வரவில்லை. எங்கள் பக்கமும் இல்லை, எதிர்ப்பக்கமும் இல்லை.

மாமா பயந்தபடி ஊரே கிளம்பி வரவில்லை. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பேசித் தீர்த்துக்கொண்டார், இன்னொருவருக்காகக் கடை வேனை விற்றோம். ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று, வாடகை கூடி. இப்போது எல்லாச் சட்டைக்கும் ஒன்றேமுக்கால். ஆண்கள்தான் முணுமுணுத்தார்கள். "நான் என்ன தப்பு பண்ணேன், எனக்கு ஏன் ஏத்துற?" என்று ஒரு ஆள் காலரை ஆட்டி ஆட்டிக் கேட்டான். காலண்டர் இடம் மாறி, சட்டம் எழுதிய அட்டை தெரிகிற மாதிரி தொங்குகிறது. நான் இடுப்புப் பிரிக்க எல்லோருக்கும் ஏழு டாலர் என்று வைத்துவிட்டேன். என்னை யாரும் கோர்ட்டுக்குக் கூப்பிடவில்லை. அதனாலேயே எனக்கு அது தீராமல் கிடக்கிறது.

அக்காவின் விரல் மட்டும் மாறவில்லை. துணி வந்து விழுந்ததும் குவியலுக்குள் போய் முன்பட்டியைத் தடவும். தடவிவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொள்வாள்.

பஸ் வழக்கம்போல் வாசலைக் கடந்து போகும். ஹாரன் கிடையாது. அந்த நேரத்துக்கு அக்கா தலையைத் தூக்குவதும் நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒருநாள், எங்கள் கடைக்கு நேரே சிவப்பு விளக்கு விழுந்தது. பஸ் நின்றது. ஓட்டுபவர் ஜன்னல் எங்கள் ஜன்னலுக்கு நேராக இருந்தது. அர்டெல்லா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகச் சாலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா கவுண்டரை விட்டு வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்தாள். விளக்கு மாற வெகுநேரம் ஆனது.

நானும் பார்த்தேன். வானநீலச் சட்டை. காலர் ஒருபக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. தோளிலிருந்து முழங்கை வரை, பக்கத்துப் பக்கத்தில், இரண்டு மடிப்பு.

பஸ் கிளம்பிப் போனது. அக்கா கொப்புளம் ஆறிய அந்தத் தழும்புக் கையை ஜன்னல் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை.

"அவங்களே தேச்சிருக்காங்க, யோங்நான்" என்றாள். "கையால."